அரட்டைச் செயலிகளுக்கு ஒரு குடிமராமத்து

2025 செப்டம்பரின் கடைசி வாரத்தில் ஒரு தமிழ்ச் சொல் இந்தியா முழுவதும் உச்சரிக்கப்பட்டது. ஸோஹோ நிறுவனம் 2021 ஜனவரியில் வெளியிட்ட ‘அரட்டை’ என்ற செயலி, நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதாகப் பேசப்படாமல் இருந்துவிட்டு, திடீரென்று தரவிறக்கப் பட்டியலின் உச்சிக்குச் சென்றது. நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாட்களில் 3,50,000 ஆகிவிட்டன என்று அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். ஒன்றியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் உள்ளிட்டோர் சுதேசிச் செயலிகளுக்கு மாறும்படி மக்களைக் கேட்டுக்கொண்டனர். தென்காசியிலிருந்து ஒருவர் உலக நிறுவனத்துக்குச் சவால் விடுகிறார் என்ற பெருமிதம் தமிழகத்தில் இயல்பாகவே எழுந்தது. சில வாரங்களில் அந்த வேகம் தணிந்தது.

அந்த நாட்களில் நடந்த விவாதம் இரண்டே கேள்விகளைச் சுற்றி வந்தது. செயலி நம்முடையதா? பாதுகாப்பானதா? இரண்டும் தேவையான கேள்விகளே. எழுத்துச் செய்திகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் தொடக்கத்தில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியவர்கள் சரியாகவே சுட்டிக்காட்டினார்கள். அந்த வசதி பின்னரே சேர்க்கப்பட்டது. ஆனால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு வேறு இரண்டு கேள்விகள் முக்கியமாகப் பட்டன. ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்கு ஏன் செய்தி அனுப்ப முடியவில்லை? இலவசமாகக் கிடைக்கும் இந்த வசதியை ஆண்டுக்கணக்கில் பராமரிப்பதற்கான செலவை யார் ஏற்கிறார்கள்?

வேம்புவே முதல் கேள்வியைத் தொட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். மின்னஞ்சலையும் யுபிஐயையும் போலச் செய்திச் செயலிகளும் ஒன்றோடொன்று இணைந்து இயங்க வேண்டும், அதற்கான நெறிமுறைகளைத் தரப்படுத்தி வெளியிட ‘ஐஸ்பிரிட்’ அமைப்பினருடன் பேசத் தொடங்கியுள்ளோம், ஏகபோகமாக விரும்பவில்லை என்று அவர் எழுதினார். அரட்டையின் மூலநிரல் பொதுவில் இல்லை. எனவே அது திறந்த மூலச் செயலி அல்ல. எனினும் அவர் எழுப்பிய பேச்சு, திறந்த மூலச் செயலிகளின் உலகம் கால் நூற்றாண்டாக முட்டி மோதிக்கொண்டிருக்கும் அதே சுவரில்தான் போய் நிற்கிறது.

கோரிப்பாளையத்தில் நான் வசிக்கும் தெருவில் மளிகைக் கடைக்காரர் முதல் மருத்துவப் பரிசோதனை நிலையத்தார் வரை எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “சார், வாட்ஸ்அப்ல போட்டுருங்க.” அச்சகத்தில் திருமண அழைப்பிதழின் மெய்ப்பு அதில்தான் வருகிறது. அரசு இராசாசி மருத்துவமனையில் உள்நோயாளியாக இருப்பவரின் பரிசோதனை அறிக்கை வெளியூரிலிருக்கும் மகளுக்கு அதில்தான் போகிறது. இந்தியாவில் வாட்ஸ்அப் பயனாளர்கள் 53 கோடி என்று 2021 பிப்ரவரியிலேயே ஒன்றிய அரசு கணக்குச் சொன்னது. பொருளாதாரத்தில் இதற்கு வலைப்பின்னல் விளைவு என்று பெயர். ஒரு பொருளின் பயன் அதன் தரத்தைவிட, அதை இன்னும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கும். ஊரில் ஒருவரிடம் மட்டும் தொலைபேசி இருந்தால் அது அலங்காரப் பொருள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களான எங்களுக்கு ஓய்வூதியச் செய்திகளைப் பகிரும் குழு ஒன்று உண்டு. அதை வேறொரு செயலிக்கு மாற்றுவது என்று ஒருமனதாக முடிவு செய்தோம். மாறியவர்கள் பதினோரு பேர். மூன்று வாரத்தில் அந்தப் பதினோரு பேரும் பழைய குழுவுக்கே திரும்பிவிட்டோம்; மருத்துவக் காப்பீட்டு அட்டை பற்றிய சுற்றறிக்கை அங்கேதான் வந்தது. இதில் எவருடைய மன உறுதியையும் குறைசொல்லப் பயனில்லை. கைபேசி எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வருவதற்கு முன்பு, சேவை எவ்வளவு மோசமாக இருந்தாலும் நாம் பழைய சிம் அட்டையை விடாமல் வைத்திருந்தோம் அல்லவா? ஆனால், அப்போதும்கூட ஒரு நிறுவனத்தின் எண்ணிலிருந்து மற்றொன்றின் எண்ணுக்குப் பேச முடிந்தது. செய்திச் செயலிகளில் அந்த வசதியும் இல்லை.

திறந்திருந்த கதவு

முடியாததால் இல்லாமல் போன வசதியல்ல இது. 1999இல் ஜெரமி மில்லர் என்ற அமெரிக்க நிரலாளர் ‘ஜாபர்’ என்ற திறந்த மூலத் திட்டத்தை அறிவித்தார். மின்னஞ்சலில் எந்த நிறுவனத்தின் முகவரியிலிருந்தும் எந்த நிறுவனத்தின் முகவரிக்கும் எழுத முடிவதைப் போல, உடனடிச் செய்தியையும் யார் வேண்டுமானாலும் தம் சர்வரில் நடத்தலாம், அந்தச் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் என்பதே அதன் அடிப்படை. எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் 2004இல் அது இணையத் தரநிலையாக ஏற்கப்பட்டது. கூகுள் தன் ‘டாக்’ சேவையை அதன்மீதே கட்டியது; 2006இல் வெளி சர்வர்களோடும் இணைத்தது. ஃபேஸ்புக்கும் 2010இல் தன் அரட்டைக்கு அந்த வழியில் ஒரு வாசல் வைத்தது. பின்னர் இருவரும் வாசலை அடைத்தனர். 2013இல் கூகுள் ‘ஹேங்அவுட்ஸ்’ என்ற மூடிய சேவைக்கு நகர்ந்தது. சிறியவனாக இருக்கும்போது திறந்த கதவு கூட்டத்தைச் சேர்க்கும். கூட்டம் சேர்ந்த பிறகு மூடிய கதவுதான் அதைத் தக்கவைக்கும். வணிகக் கணக்கில் இது மிகவும் பகுத்தறிவான முடிவு.

வாட்ஸ்அப்பின் வரலாறு இன்னும் சுவையானது. அதன் சர்வரின் அடித்தளம் ‘ஈஜாபர்டி’ என்ற திறந்த மூல மென்பொருள். தன் தேவைக்கேற்ப மாற்றி எழுதிக்கொண்டார்கள். 2016இல் முழுமையாகச் சேர்க்கப்பட்ட அதன் மறையாக்கம், ‘சிக்னல்’ குழுவினர் உருவாக்கிய திறந்த நெறிமுறை. 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கியபோது அங்கே வேலை செய்தவர்கள் 55 பேர். பயனாளர்கள் 45 கோடி. ஐம்பத்தைந்து பேரால் அது முடிந்ததற்குத் திறமை மட்டும் காரணமல்ல. பலர் ஊதியமின்றியோ சிறு ஊதியத்திலோ எழுதிப் பொதுவில் வைத்த நிரல்கள் அவர்களுக்கு அடித்தளமாகக் கிடைத்தன. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை, உரிமம் அனுமதித்தது. பொதுவில் விளைந்ததன் ஆதாயம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் கவனிக்கிறேன்.

அந்த ஆதாயத்தைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதை 2021 ஜனவரியில் பார்த்தோம். தரவுப் பகிர்வுக்கு ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையேல் வெளியேறுங்கள் என்ற தொனியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியது. இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஜனவரியில் உலகெங்கும் மக்கள் சிக்னலுக்குப் படையெடுத்தார்கள். ஜனவரி 15ஆம் நாள் சிக்னலின் சர்வர்கள் தாங்காமல் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் முடங்கின. கோபம் மக்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. சர்வர் வாங்குவதற்கான பணத்தைக் கொண்டுவரவில்லை.

இலவசத்தின் விலை

திறந்த மூலம் என்றால் செலவில்லை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. நிரலைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மை. ஒருமுறை எழுதிய நிரலை இன்னொருவருக்கு நகலெடுத்துக் கொடுக்க ஆகும் கூடுதல் செலவு ஏறத்தாழப் பூஜ்யம். நான் பயன்படுத்துவதால் உங்களுக்குக் குறைவதும் இல்லை. ஆனால், உடனடிச் செய்தி என்பது நிரல் மட்டுமன்று. இரவும் பகலும் நடக்க வேண்டிய சேவை. ஒரு சொல் திருத்தியைத் தரவிறக்கிக்கொண்டால் எழுதியவரை மறந்துவிடலாம். செய்திச் செயலியிலோ ஒவ்வொரு ‘காலை வணக்கம்’ படமும் யாரோ பணம் கட்டும் சர்வர் வழியாகப் போகிறது.

அந்தக் கணக்கை வெளிப்படையாக வைத்த நிறுவனம் சிக்னல் அறக்கட்டளை. 2018இல் வாட்ஸ்அப்பின் இணை நிறுவனர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் 5 கோடி டாலர் கொடுத்துத் தொடங்கி வைத்த, இலாப நோக்கற்ற அமைப்பு அது. 2023 நவம்பரில் அது வெளியிட்ட விவரப்படி, கட்டமைப்புக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1.4 கோடி டாலர் செலவாகிறது. சேமிப்பகத்துக்கு 13 லட்சம், சர்வர்களுக்கு 29 லட்சம், அலைவரிசைக்கு 28 லட்சம். எல்லாவற்றையும்விடப் பெரிய இனம் எது தெரியுமா? புதிதாகப் பதிவு செய்பவரின் கைபேசிக்கு அனுப்பும் சரிபார்ப்புக் குறுஞ்செய்தி. அதற்கு 60 லட்சம் டாலர். தொலைபேசி நிறுவனங்களின் குறுஞ்செய்தி வருமானத்தைச் செய்திச் செயலிகள் அழித்துவிட்டன என்று சொல்லப்படுவதுண்டு. இலவசச் செயலி ஒவ்வொன்றும் தன் வாசலில் அவர்களுக்குச் சுங்கம் கட்டித்தான் ஆளை உள்ளே அழைக்கிறது. இதற்குமேல் சுமார் 50 பேருக்கான ஊதியச் செலவு 1.9 கோடி டாலர். 2025இல் மொத்தச் செலவு ஆண்டுக்கு 5 கோடி டாலரை எட்டும் என்பது அவர்களே சொன்ன மதிப்பீடு. விளம்பரமும் இல்லை, தரவு விற்பனையும் இல்லை என்றால் நன்கொடையிலிருந்துதான் இதைத் திரட்ட வேண்டும்.

இவ்வளவு வசதியுள்ள அமைப்பே திறந்த தன்மையைத் தொடர்ந்து காப்பதில் தடுமாறியது. 2020 ஏப்ரல் முதல் ஏறத்தாழ ஓராண்டு, சிக்னல் தன் சர்வரின் புதிய நிரலைப் பொதுவில் வெளியிடவில்லை. விமர்சனம் எழுந்த பிறகே வெளியிட்டது. திறந்த மூலம் என்று பெயர்ப் பலகை வைத்துவிட்டால் போதாது. ஒவ்வொரு மாதமும் திறந்துகொண்டே இருக்க வேண்டும்.

சர்வர் செலவைவிடக் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு. அது பராமரிப்பு. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் வருகிறது. அதற்கேற்பத் தன் செயலியைப் புதுப்பிக்காதவரைக் கூகுளின் கடை புதிய கைபேசிகளுக்குக் காட்டாது. அதாவது, ஒரு புதிய வசதிகூடச் சேர்க்காமல் இருந்த இடத்திலேயே நிற்பதற்கும் ஓட வேண்டும். மின்கலத்தைச் சேமிக்கிறேன் என்று கைபேசி நிறுவனங்கள் பின்னணியில் இயங்கும் செயலிகளை நிறுத்துகின்றன. செய்தி தாமதமாக வந்தால் பயனாளர் செயலியைத்தான் திட்டுவார். என் பழைய மாணவர் ஒருவர், பகலில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, இரவில் இத்தகைய ஒரு திறந்த மூலச் செயலிக்குத் திருத்தங்கள் எழுதுகிறார். புதிதாக ஒரு வசதி எழுதித் தர ஆர்வமுள்ள இளைஞர்கள் கிடைத்துவிடுகிறார்கள்; ஐந்து ஆண்டு பழைய கைபேசியில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது என்ற புகாரை எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை என்றார்.

இது சில்லறைப் பிரச்சினை அன்று. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டபோது உலகின் வங்கிகளும் அரசுகளும் அதிர்ந்தன. இணையத்தின் பெரும்பகுதியைப் பூட்டிக் காத்த ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ நிரலை முழுநேரமாகக் கவனித்தவர் ஒருவரே. அதற்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். பத்து ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்கு நிரலில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. தனியொருவராகப் பல ஆண்டுகள் அதைப் பராமரித்துச் சோர்ந்துபோனவரிடம், உதவுகிறேன் என்று ஈராண்டுக்கும் மேலாகப் பழகி நம்பிக்கை பெற்றே அந்த ஆள் உள்ளே நுழைந்தார். ஒரு பொறியாளர் தன் கணினி அரை நொடி தாமதமாக இயங்குவதைக் கண்டு துருவியதால்தான் அது தெரியவந்தது. பராமரிப்பாளரின் களைப்பு ஒரு பாதுகாப்புப் பிரச்சினை.

பாண்டி நாட்டாருக்கு இதை விளக்குவது எளிது. கண்மாயை வெட்டிய அரசன் பெயர் கல்வெட்டில் இருக்கும். அதை நூற்றாண்டுகளாகக் காத்தவர்கள் நீர்க்கட்டிகளும் நீர்ப்பாய்ச்சிகளும். மடையைத் திறந்து மூடுவதும், கரையில் கசிவு கண்டால் ஊரைக் கூட்டுவதும், கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. அதற்குக் கூலியாக அறுவடையில் பங்கு நெல் உண்டு. கோடையில் ஒவ்வொரு குடும்பமும் ஆள் அனுப்பித் தூர்வாருவது குடிமராமத்து. அந்த ஒழுங்கு குலைந்தபோது 1858இல் ஆங்கில அரசு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தது. பலன் குறைவு. 2017இல் தமிழக அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, வழக்கம் அறுந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஒப்பந்தக்காரர் வேலையாக அது மாறிவிட்டது என்ற புகார்கள் எழுந்தன. பொதுச் சொத்தைத் தனியாரிடமோ அரசிடமோ ஒப்படைத்தால்தான் பிழைக்கும் என்ற பழைய பாடத்தை மறுத்து, பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க முடியும் என்று நிறுவிய எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஆராய்ந்தவற்றில் பாசன அமைப்புகள் முதன்மையானவை.

உவமையை இழுத்துக்கொண்டே போகக் கூடாது. கண்மாய்த் தண்ணீர் எடுக்க எடுக்கக் குறையும், நிரல் குறையாது. குறைவது நீர்க்கட்டியின் நேரம். அதற்குத்தான் இன்னும் யாரும் நெல் அளக்கவில்லை.

நம் ஊர் முயற்சிகள்

இந்தியாவில் இதுவரை மூன்று வழிகள் முயலப்பட்டுள்ளன. முதலாவது, முதலீட்டாளர் பணம். 2012 டிசம்பரில் வந்த ‘ஹைக்’ செயலி பத்துக் கோடிப் பயனாளர்களைத் தொட்டது. 2016இல் அதன் மதிப்பு 140 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் மூடப்பட்டது. வாட்ஸ்அப்மீது உலகமே கோபமாக இருந்த அதே மாதம்! மூலநிரல் மூடியதாக இருந்ததால், நிறுவனம் போனபோது செயலியும் போயிற்று. எடுத்து நடத்த விரும்புபவருக்கு ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

இரண்டாவது, அரசு. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘சந்தேஷ்’ செயலி திறந்த மூலத்தை அடிப்படையாகக் கொண்டது என்று 2021இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. திறந்த மூலத்தை அடிப்படையாகக் கொள்வது வேறு. தான் எழுதியதைத் திறந்து வைப்பது வேறு. முன்னது பொதுவிலிருந்து எடுத்தல், பின்னது பொதுவுக்குக் கொடுத்தல். அரசு மென்பொருள்களில் திறந்த மூலத்துக்கு முன்னுரிமை என்ற கொள்கையும், அரசுச் செயலிகளின் நிரலைத் திறப்பது பற்றிய கொள்கையும் 2015ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டவை. கொள்கைக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் இதில் அதிகம்.

மூன்றாவது வழிதான் என்னை ஈர்க்கிறது. கேரளத்தில் வேர்விட்ட கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ‘பிராவ்’ என்றொரு செயலியை நடத்துகிறார்கள். மலையாளத்தின் பிராவ் நம் புறாவேதான். எக்ஸ்எம்பிபி நெறிமுறையில் இயங்கும் ‘குவிக்சி’ என்ற செயலியின் திறந்த நிரலை எடுத்துக்கொண்டு, தொலைபேசி எண்ணை வைத்தே எளிதாகச் சேரும்படி அமைத்துள்ளனர். அதே நெறிமுறையைப் பின்பற்றும் வேறு எந்தச் சேவையில் இருப்பவரோடும் பேசலாம். தொழில்நுட்பத்தைவிட அதன் உடைமை வடிவம்தான் புதியது: அதைப் பயனாளர்களே உறுப்பினர்களாக உள்ள பல மாநிலக் கூட்டுறவுச் சங்கமாக்க முயல்கிறார்கள். அதற்கான 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொடர்புடைய ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் குறைந்தது 50 பேர் கையொப்பமிட வேண்டும். திருவல்லிக்கேணியில் 1904இல் சில படித்த மனிதர்கள் கூடி நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கிய மரபில் வந்தவர்களுக்கு இது அந்நியமான யோசனையாகத் தோன்றாது. நம் கூட்டுறவுகள் பலவற்றில் அரசியல் புகுந்து கெடுத்ததையும் நான் அறிவேன். ஆயினும், எந்த நேரமும் விற்கப்படக்கூடிய நிறுவனத்துக்கும் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற அமைப்புக்கும் பராமரிப்பில் உள்ள அக்கறை வேறுபடும்.

இத்தகைய சிறு முயற்சிகளை அரசு எப்படி நடத்துகிறது? 2023 மே மாதம் பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்ற காரணத்தைக் காட்டி 14 செயலிகளை ஒன்றிய அரசு முடக்கியது. அவற்றில் ‘எலிமென்ட்’, ‘பிரையர்’ ஆகியவை திறந்த மூலச் செயலிகள். எலிமென்ட் இயங்கும் ‘மேட்ரிக்ஸ்’ நெறிமுறையின்மீதுதான் பிரான்ஸ் அரசு 2019இல் தன் ஊழியர்களுக்கான ‘சாப்’ செயலியைக் கட்டியது. ஜெர்மானிய இராணுவமும் அதே நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. ஒரு நாட்டின் இராணுவம் நம்பும் கருவி இன்னொரு நாட்டில் ஐயத்துக்குரியதாகிறது. தடையை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. குற்றவாளிகள் வாட்ஸ்அப்பையும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் 53 கோடிப் பேர் இருக்கும் வீதியை யாரும் அடைக்க மாட்டார்கள். எண்ணிக்கையே காப்பாக ஆகிவிடும்போது, சிறியவை வளரவே முடியாது.

செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டறியும் விவாதத்துக்குத் தமிழகத்திலும் ஒரு தொடக்கம் உண்டு. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கோரித் தொடரப்பட்ட வழக்கு, பின்னர் இந்தக் கேள்வியாக உருமாறியது. மறையாக்கத்தை உடைக்காமலே அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு இணைக்க முடியும் என்று சென்னை ஐஐடியின் பேராசிரியர் வி. காமகோடி 2019இல் ஒரு முறையை முன்வைத்தார், மறுத்தவர்களும் உண்டு. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளில் அந்தக் கடமை 50 லட்சத்துக்கு மேல் பயனாளர் உள்ள சேவைகளுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. அந்த வரம்பு சிறியவர்களுக்கு ஆறுதல்தான். ஆனால், யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதக்கூடிய நிரலில் இப்படியொரு அடையாளத்தைக் கட்டாயமாக்குவது எப்படி? பூட்டைச் செய்யும் முறையே பொதுவில் இருக்கும்போது, ஒரு கடைக்காரரை மட்டும் மாற்றுச் சாவி வைத்திருக்கச் சொல்லிப் பயனில்லை.

இணைப்பதும் எளிதல்ல

திறந்த நெறிமுறை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் கருதவில்லை. யுபிஐயைப் பாருங்கள். எந்தச் செயலியிலிருந்தும் எதற்கும் பணம் போகிறது. ஆனாலும் ஃபோன்பே, கூகுள் பே இரண்டும் சேர்ந்து பரிவர்த்தனைகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வைத்திருக்கின்றன. ஒரு செயலிக்கு 30 விழுக்காடு என்ற உச்சவரம்பு 2026 டிசம்பர்வரை தள்ளிப்போடப்பட்டுள்ளது. அந்த இலவசத்துக்கும் ஒரு விலைச்சீட்டு இருக்கிறது: சிறு வணிகர்களுக்கான யுபிஐ பரிவர்த்தனைகளை ஊக்குவிக்க 2024-25ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு ஒதுக்கியது சுமார் 1,500 கோடி ரூபாய். ஆயினும் வேறுபாடு பெரிது. நாளை நான் ஃபோன்பேயை நீக்கிவிட்டு வேறொன்றை வைத்துக்கொண்டால் என் மளிகைக்காரரை இழக்க மாட்டேன்.

எதிர்வாதமும் வலுவானதே. சிக்னலை உருவாக்கிய மாக்சி மார்லின்ஸ்பைக், பல சர்வர்கள் இணைந்த அமைப்பில் எந்த மாற்றமும் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும், அதனால் அது உறைந்துவிடும் என்று 2016இல் வாதிட்டார். மின்னஞ்சலில் இன்றுவரை முழு மறையாக்கம் இயல்பாக வராததே அதற்குச் சான்று. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால், 2023 ஜூலையில் குழு உரையாடலுக்கான மறையாக்கத் தரநிலை ஒன்று இணையப் பொறியியல் பணிக்குழுவால் வெளியிடப்பட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், கேட்கும் பிற செயலிகளோடு இணைப்புத் தரும் கடமையை வாட்ஸ்அப்புக்கு விதித்து, 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ளது. தொழில்நுட்பத் தடை குறைந்துகொண்டே வருகிறது. இந்தியாவில் இல்லாதது சட்டக் கட்டாயம்.

பணத்துக்கும் வழிகள் உண்டு. ஜெர்மனி 2022இல் பொது மென்பொருள்களைப் பராமரிப்பதற்கென்றே ஒரு நிதியத்தைத் தொடங்கியது. இந்தியாவில் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, திறந்த மூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர்வரை தரும் நிதியை 2024 அக்டோபரில் அறிவித்தது. ஒரு தனியார் நிறுவனம் உணர்ந்த கடமையை அரசு இன்னும் வரவு செலவுத் திட்டத்தின் ஒரு வரியாகக்கூட ஆக்கவில்லை. எலிமென்ட் நிறுவனமோ, தங்கள் நிரலை எடுத்துப் பெரும் ஒப்பந்தங்கள் பெறுகிறவர்கள் பராமரிப்புக்குப் பங்களிப்பதில்லை என்று சொல்லி, 2023 இறுதியில் தன் உரிமத்தைக் கடுமையாக்கிக்கொண்டது. மாற்றி எழுதிச் சேவை நடத்துகிறவர், மாற்றத்தைத் திறக்க வேண்டும். விரும்பாதவர் பணம் கொடுத்துத் தனி உரிமம் வாங்க வேண்டும்.

இவையெல்லாம் ஏன் இப்போது அவசரம் என்றால், அரசுச் சேவைகளே வேகமாக ஒரு தனியார் வாசலுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆந்திரம் 2024 அக்டோபரில் மெட்டாவுடன் ஒப்பந்தம் செய்து, 2025 ஜனவரியில் 161 சேவைகளை வாட்ஸ்அப் வழியாகத் தொடங்கியது. சென்னை மெட்ரோ 2023 மே மாதமே அதில் பயணச்சீட்டு விற்கத் தொடங்கிவிட்டது. மக்கள் இருக்கும் இடத்துக்கு அரசு போவது நல்லது என்பதை மறுக்கவில்லை. மின்கட்டணம் கட்ட ஈபி அலுவலக வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். ஆனால், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஒருவர் ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் பயனாளராக இருந்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், 2021இல் போல நாளை அந்நிறுவனம் விதியை மாற்றும்போது, வெளியேறும் உரிமை யாருக்கும் மிஞ்சாது.

தமிழகத்துக்கு இதில் முன்னனுபவம் உண்டு. 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்காட் நிறுவனத்தின் தலைமையில் இருந்த உமாசங்கர் அரசுக் கணினிகளில் லினக்ஸைக் கொண்டுவந்தார். அதிகாரி மாறியதும் வேகம் போயிற்று. ஊழியர்களுக்குப் பயிற்சியும் பழுது நீக்க ஆளும் தொடர்ந்து இல்லாததால் பல அலுவலகங்கள் பழைய நிலைக்கே திரும்பின. மென்பொருளை நிறுவியதோடு ஒதுக்கீடு முடிந்துவிட்டது.

எனவே, அரசு அடுத்த முறை ஒரு செய்திச் சேவைக்கு ஒப்பந்தப் புள்ளி கோரும்போது மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். அதே சேவை ஒரு திறந்த நெறிமுறை வழியாகவும் கிடைக்க வேண்டும். அரசுப் பணத்தில் எழுதப்பட்ட நிரல் பொதுவில் வைக்கப்பட வேண்டும். ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கு, அந்தச் சேவை நம்பியிருக்கும் திறந்த மூல நிரல்களின் பராமரிப்பாளர்களுக்கு ஆண்டுதோறும் போய்ச் சேர வேண்டும். மூன்றாவதற்குத்தான் நிதித்துறையின் எதிர்ப்பு இருக்கும்: ஏற்கெனவே இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் பணம் தர வேண்டும் என்று கோப்பில் குறிப்பெழுதுவார்கள். அந்தக் குறிப்புக்குப் பதில் எழுத வேண்டிய அதிகாரி, நீர்வளத் துறையில் அணைகளுக்கும் மடைகளுக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கப்படும் பராமரிப்புத் தலைப்பின் கீழ் உள்ள தொகைகளை எடுத்து இணைத்தாலே போதும்.